பட்டியலில் இல்லாத இடம்

மூன்று தாள் அச்சடித்து எடுத்து வந்திருந்தாய்.
கிளாஸ்கோவிலிருந்து லோமண்ட் ஏரி வரை
மூன்றும் என் மடியில்,
நீ தின்ற பஜ்ஜியின் எண்ணெய் ஊறி
மெல்ல மெல்லக் கண்ணாடியாகிக்கொண்டிருந்தன.

முதல் தாள், ஏரிக்கரை.
மின்சாரம் உண்டு, வெந்நீர் உண்டு,
புல்லில் எண் எழுதிய மரக்கட்டை உண்டு.
பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவே
ஒரு குறட்டை தூரம்.
நாய்க்குத் தனிக் கட்டணம்.

இரண்டாவது, காட்டுக்குள். ஓர் இரவுக்கு ஓர் அனுமதிச் சீட்டு.
கழிப்பறை கிடையாது, மண்வெட்டி கொண்டு வரவும்.
பச்சை மரத்தைத் தொடாதே,
பட்ட மரத்தையும் தொடாதே,
விறகு வேண்டுமென்றால் வீட்டிலிருந்தே சுமந்து வா.
காட்டுக்கு விறகு கொண்டுபோகச் சொல்லும் அந்த வரியை
மஞ்சள் பேனாவால் கோடிட்டிருந்தாய்.

மூன்றாவது மலைமேல்.
சீட்டில்லை, காசில்லை, கேட்பாரில்லை.
முதுகில் பதினான்கு கிலோ.

"நீர், காடு, மலை. ஒண்ணு சொல்லு" என்றாய்.
டிரிமன் ஊரில் வழி தவறிய பிறகு
நீ பேசிய முதல் வாக்கியம் அது.

இந்தக் கேள்விக்கு ஒன்பதாம் வகுப்பில்
பத்துக்குப் பத்து வாங்கியவள் நான்.
மலையென்றால் கூடல். காடென்றால் காத்திருத்தல்.
கடலென்றால் கண்ணீர்.
உப்பே இல்லாத இவ்வளவு பெரிய நீருக்கு
டீச்சர் எதுவும் சொல்லித் தரவில்லை.
ஊடலுக்கு வயல் என்று மட்டும் ஞாபகம் இருந்தது.
சன்னலுக்கு வெளியே வயல்தான்.
வயல் முழுக்க ஆடுகள்
நம்மையே பார்த்துக்கொண்டு.

வண்டி நிறுத்துமிடத்தில் டிக்கியைத் திறந்தோம்.
துணி இருந்தது. கயிறு இருந்தது. முளைகள், சுத்தியல்,
நீ கேலி செய்த என் குக்கர்கூட இருந்தது.
கம்பு?
"நீதானே எடுத்து வச்சே?"
"நீதானே வண்டியில ஏத்தினே?"

அப்போதுதான் மிட்ஜ் வந்தது.
கொசுவின் கால்தூசி பெறாத பூச்சி.
கொசுவென்றால் அடிக்கலாம். இது புகை.
வாயைத் திறந்தால் உள்ளே போய்விடும் என்பதால்
சண்டை அங்கேயே நின்றது.

தலையில் வலை மாட்டிக்கொண்டு
வனக்காவலர் ஃபெர்கஸ் வந்தார்,
தேன் எடுக்கப் போகிறவர் மாதிரி.
கம்பில்லாத கூடாரத்துக்கு எந்தச் சீட்டு என்று கேட்டேன்.
நெடுநேரம் யோசித்தார்.
"வண்டிக்குள் தூங்க இங்கே அனுமதி இல்லை" என்றார்.
போகிற போக்கில்,
"நான் மறுபடி சுற்றி வர ஏழு மணியாகும்" என்றார்.

பின்சீட்டை மடக்கினோம்.
நான்கு பேர் படுக்கும் கூடாரத்தை
இரண்டு பேர் போர்த்திக்கொண்டோம்.
சன்னல் திறந்தால் பூச்சி, மூடினால் மூச்சு.
மூடினோம்.
மணி பதினொன்று, இன்னும் இருட்டவில்லை,
ஜூன் மாதத்து வானம்
கடையைச் சாத்த மனமில்லாத மளிகைக்காரர்போல.
பிறகு மழை. தகரக் கூரையில் மழை.
நீ சோற்றை நேராகக் குக்கரிலிருந்தே தின்றாய்.
"டிரிமன்ல நீ சொன்ன வழிதான் சரி" என்றாய்,
என்னைப் பார்க்காமல், ஊறுகாய்ப் பொட்டலத்தைப் பிரித்தபடி.

வீட்டில், கதவுக்குப் பின்னால், குடைக்குப் பக்கத்தில்
கம்புகளைச் சாத்தி வைத்தது யாரென்று
எனக்குத் தெரியும்.
போன் அடித்தது, எடுக்கப் போனேன், அவ்வளவுதான்.

விடியற்காலை நம் மூச்சில்
கண்ணாடிகள் எல்லாம் வெளுத்திருந்தன.
விரலால் வளைவாக ஒரு கோடு போட்டேன்.
அதன் குறுக்கே இன்னொன்று.
கோட்டின் அகலத்துக்கு ஏரி தெரிந்தது,
ஓரிடத்தில் ஒரு வாத்து,
குறுக்குக்கோட்டின் ஓரத்தில் மலையின் ஒரு துண்டு,
ஏதோ ஒரு மரத்தின் கால்.

"என்ன அது?" என்றாய், கண் திறக்காத குரலில்.
"கம்பு" என்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை நீ.
பிறகு சிரிக்கத் தொடங்கினாய்,
வண்டி குலுங்கும்படி.
மணி ஆறு ஐம்பது.